பாய், பெட்டி, பிரம்பு: சுங்கக் குறியீடு பற்றிய கேள்வி பதில்

கொழும்புத் துறைமுகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இறக்குமதி, ஏற்றுமதிப் பத்திர வேலை பார்க்கிறேன். ஓலை, பிரம்பு, கோரை, தும்பு இவற்றின் எச்.எஸ். குறியீடு (சுங்கம் சரக்கை வகைப்படுத்தும் எண், முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், முதல் நான்கு தலைப்பு) பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும், கேட்டவரின் இடப்பெயரோடு, பதில்களும் கீழே.

வெள்ளவத்தை: யாழ்ப்பாணத்துப் பனையோலைக் கைப்பைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். கைப்பை என்றால் 4202 தானே அண்ணா?

இல்லை தங்கச்சி, 4602.19. 4202 என்ற தலைப்பைக் கடைசிவரை வாசியுங்கள், நடுவில் ஓர் அரைப்புள்ளி வரும். அதற்கு முன்னால் உள்ள சூட்கேஸ், பள்ளிக்கூடப் பை போன்றவை பின்னல் பொருள் (ஓலை, பிரம்பு, கோரை போலப் பின்னுவதற்குப் பயன்படுவது) தவிர வேறு எதனால் செய்திருந்தாலும் 4202தான். பின்னால் வரும் கைப்பை, சந்தைப் பை போன்றவை தோல், பிளாஸ்டிக் தாள், துணி, காகித அட்டை என்று அங்கே சொல்லப்பட்ட சிலவற்றால் செய்திருந்தால் மட்டுமே 4202. ஓலை அந்தப் பட்டியலில் இல்லை. நீத்துப்பெட்டி, கடகம், உங்கள் கைப்பை மூன்றுக்கும் ஒரே இடம்தான்.

அப்புறம், இன்வாய்ஸில் 'கைப்பணிப் பொருள்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எதனால் செய்தது, எந்த நிலையில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது, மூன்றும் வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், சாயமிட்டுக் கிழித்த ஓலைச் சுருள்களை நான் 'நார்' என்று எழுதிவிட்டேன். நார் என்றதும் தாவரத் துணிநார்களுக்கான 53ஆம் அத்தியாயத்தில்தானே தேடுவார்கள்? பெட்டியைப் பிரித்து, சுருளை விரித்து, ஓலையின் நரம்பைக் காட்டிய பிறகே 1401.90 என்று முடிந்தது. என் ஒரு சொல்லால் மூன்று நாள் போனது.

தெஹிவளை: இதற்கெல்லாம் தீர்வை (சுங்க வரி) எத்தனை வீதம்?

வீதம் மாறிக்கொண்டே இருக்கும். இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் தீர்வை வழிகாட்டி இருக்கிறது, சரக்கு வரும் காலத்துக்கு உரியதைப் பாருங்கள்.

வத்தளை: பிரம்பைக் கிழித்துப் பட்டையாகக் கொண்டுவந்தால் அத்தியாயம் மாறுமா?

மாறாது. முழுப் பிரம்பு, தோல் உரித்த உள்தண்டு, கிழித்த பட்டை எல்லாமே 1401.20. 14ஆம் அத்தியாயத்தின் 2ஆம் குறிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மூங்கிலும் அப்படித்தான், பிளந்தாலும் மெருகிட்டாலும் சாயம் ஏற்றினாலும் 1401.10. பிரம்பு நாற்காலியாகவே வந்தால் 9401.53. பழைய பத்திரத்தைப் பார்த்து எழுத வேண்டாம். 2017க்கு முன் மூங்கில், பிரம்பு இருக்கைகள் இரண்டும் 9401.51இல் சேர்ந்திருந்தன.

கொட்டாஞ்சேனை: ஈர்க்கு?

வெறும் ஈர்க்கு 1404.90. விளக்குமாறாகக் கட்டியிருந்தால் 9603.10.

புறக்கோட்டை: பத்தமடைப் பாய் இறக்குகிறேன். தறியில் நெய்தது, பாவு பருத்தி நூல். ஆகவே துணித் தரைவிரிப்புகளுக்கான 57ஆம் அத்தியாயம் என்று என் கிளியரிங் ஏஜென்ட் சொல்கிறார்.

அவர் தறியைப் பார்க்கிறார், பாயைப் பார்க்கவில்லை. 57ஆம் அத்தியாயத்தின் 1ஆம் குறிப்பு, தரைவிரிப்பின் வெளித்தெரியும் பரப்பு துணிப் பொருளாக இருக்க வேண்டும் என்கிறது. பத்தமடைப் பாயைக் கையால் தடவினால் படுவது கோரை. பருத்தி அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பின்னல் வேலைகளுக்கான 46ஆம் அத்தியாயத்தின் 3ஆம் குறிப்பும், பின்னல் பொருளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கட்டும் இழை நூற்ற நூலாக இருந்தாலும் பாதகமில்லை என்கிறது. 4601.29.

மருதானை: ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. தும்புப் பாயும் மரத்தில் வந்ததுதான், அதை மட்டும் ஏன் 5702.20இல் போடுகிறீர்கள்?

நல்ல கேள்வி தம்பி. மரம் செடியில் வந்தது என்பதால் 46 என்று சட்டம் சொல்லவில்லை. தென்னந்தும்பு துணிநார், சணலும் அப்படியே. 14ஆம் அத்தியாயத்தின் 1ஆம் குறிப்பு அவற்றை வெளியே அனுப்பிவிடுகிறது. நூற்காத தும்பு 5305, திரித்த நூல் 5308.10, தும்புத் தரைவிரிப்பு 5702.20. கோரையை யாரும் நூலாக நூற்பதில்லை, தண்டைக் கிழித்து அப்படியே நெய்கிறார்கள். ஒரே கொள்கலனில் இரண்டு பாயும் வந்தால் இரண்டு வரியாக எழுதுங்கள்.

கல்கிசை: வீதம் எவ்வளவு என்று சொல்லவில்லையே?

தெஹிவளைக்குச் சொன்னதுதான்.

பம்பலப்பிட்டி: மூங்கில் துவாய் 1401.10இல் வருமா? பெட்டியில் கைப்பணிப் பொருள் என்று போட்டிருக்கிறது.

வராது. பெரும்பாலும் அது மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ், துணிப் பொருள். அந்தக் 'கைப்பணிப் பொருள்' என்ற சொல்லை முதலில் எடுங்கள்!

புறக்கோட்டை, மறுபடி: ஒரு பாயின் ஓரத்தில் பருத்தி நூலை உருவினேன். கோரை பொலபொலவென்று மேசையில் கொட்டிவிட்டது, கையில் மிஞ்சியது நாலு நூல். ஏஜென்ட் பேசாமல் இருக்கிறார். அதே சரக்கில் பிளாஸ்டிக் பாயும் உண்டு.

அவிழ்த்த அந்தத் துண்டையே மாதிரியாகப் பத்திரத்தோடு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பாய்க்கு அடிமட்டம் எடுங்கள். பட்டையின் அகலம் 5 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் அது பின்னல் பொருள், 4601.99. 5 அல்லது அதற்குக் குறைவென்றால் அது செயற்கை இழைகளுக்கான 54ஆம் அத்தியாயத்துப் பட்டை, பாயும் துணிப் பக்கம் போய்விடும். அளந்துவிட்டு எழுதுங்கள்.