மணிக்கணக்கா, மொத்த விலையா: மண் தோண்ட யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: புதிதாகக் கட்டும் வீட்டுக்கு அடியில், தரைக்குக் கீழே ஒரு அறை கட்டப் போகிறோம். குழி 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாமவர் இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை சொல்கிறார். அவர் கணக்குப்படி மொத்தச் செலவு மிகக் குறைவு, ஆனால் பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கேட்கிறார். இரண்டாமவர் கன மீட்டருக்கு இவ்வளவு என்கிறார். மூன்றாமவர் எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்கிறார், அதுதான் அதிகம். கட்டுமானத்துக்கு வங்கிக் கடன் வாங்கியிருக்கிறோம். யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இப்போது கையில் இருப்பதை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. மூவரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எதிர்பாராதது வந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதுதான் இந்த மூன்று விலைகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். மணிக்கணக்கு என்றால் முழுக்க உங்கள் தலையில். மொத்தத் தொகை என்றால் பெரும்பாலும் அவர் தலையில், அதற்குத்தான் அவர் கூடுதலாகக் கேட்கிறார். அதைப் பேராசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் குழியையே கணக்குப் போடுவோம். 10, 8, 1.5 இவற்றைப் பெருக்கினால் 120 கன மீட்டர். 10 கன மீட்டர் பிடிக்கும் டிப்பர் என்றால் 12 லோடு என்று மனக்கணக்கு போட்டிருப்பீர்கள். ஆனால் தோண்டிய மண் பொங்கும். மணல் என்றால் 10 முதல் 15 சதவீதம், களிமண் என்றால் 25 சதவீதமோ அதற்கு மேலோ, உடைத்த பாறை என்றால் 50 சதவீதத்தைத் தாண்டும். 25 சதவீதம் என்று வைத்தாலே 150 கன மீட்டர், 15 லோடு. குழியின் பக்கங்களைச் செங்குத்தாக நிறுத்த முடியாத மண்ணாக இருந்தால் சரிவாகத்தான் வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் 45 பாகை சரிவு கொடுத்தால் மேல்வாய் 13-க்கு 11 மீட்டராக விரியும், வெட்ட வேண்டிய மண் 165 கன மீட்டர் ஆகிவிடும். பொங்கினால் 200-ஐத் தாண்டும். அறை கட்டிய பிறகு அந்தச் சரிவு இடத்தை, சுமார் 45 கன மீட்டரை, திரும்ப நிரப்பவும் வேண்டும். வீடு இன்னும் தரைக்கு மேலே வரவே இல்லை, அதற்குள் செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு!

ஆகவே இரண்டாமவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கன மீட்டரை எங்கே அளப்பீர்கள் என்பது. குழியில் அளப்பதா, லாரியில் அளப்பதா? குழியில்தான் என்று எழுதி வாங்குங்கள். சரிவுக்கு எந்தக் கோணம், அந்த அளவும் விலையில் அடங்குமா என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். மண்ணை வெளியே கொண்டுபோவது லோடு கணக்கில் என்றால் வண்டியின் கொள்ளளவையும் குறிக்கச் சொல்லுங்கள். எங்கே கொட்டப் போகிறார் என்று கேட்கவும் தயங்க வேண்டாம். கண்ட இடத்தில் கொட்டினால் கேள்வி வீட்டுக்காரர் வாசலுக்கு வரலாம்.

முதலாமவரின் மணிக்கணக்கு எப்போதும் மோசம் என்று சொல்ல மாட்டேன். அரை நாள் வேலை, மண் எப்படி என்று தெரியும், நீங்களும் பக்கத்தில் நிற்க முடியும் என்றால் அதுவே சிக்கனம். உங்களுடையது அப்படி இல்லை. டிப்பர் வரத் தாமதமானால் இயந்திரம் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும், அதன் மணி காட்டும் மீட்டர் ஓடும், காசும் ஓடும். பழுதானால், டீசல் தீர்ந்தால், வந்து போகும் நேரத்துக்கு, குறைந்தபட்ச மணி நேரத்துக்கு என்று எதை எதை உங்களிடம் வாங்குவார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அதுவே ஒரு பதில்தான். எப்படியும் அவரையே அமர்த்துவது என்றால், தினமும் காலையிலும் மாலையிலும் மீட்டர் அளவைப் படம் பிடித்து, ஆபரேட்டரிடம் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

பாதி அட்வான்ஸ் வேண்டாம். இயந்திரத்தைக் கொண்டு வந்து இறக்க மொத்தத்தில் ஒரு 10 சதவீதம் நியாயம். அப்புறம் உங்கள் பொறியாளர் ஆழத்தையும் மட்டத்தையும் பார்த்துச் சரி என்ற பிறகு பெரும் பகுதி, மண்ணை அகற்றி இடத்தைச் சுத்தம் செய்த பிறகு இன்னொரு பகுதி. திரும்ப நிரப்பி, அடுக்கடுக்காகத் திம்மிசு போட்டு (மண்ணை இடித்து இறுக்கி) முடிக்கும்வரை 5 முதல் 10 சதவீதத்தை நிறுத்தி வையுங்கள். அட்வான்ஸ் வாங்கிய இயந்திரம் வேறு தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் திரும்ப வரவழைக்க உங்களிடம் இருக்கும் ஒரே பிடி, கொடுக்காத பணம்.

ஆழத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆபரேட்டர் கை தவறி 10 சென்டிமீட்டர் கூடுதலாகத் தோண்டிவிட்டால் உங்கள் குழியில் அது 8 கன மீட்டர். அடித்தளத்துக்குக் கீழே தோண்டிய மண்ணையே தள்ளி மூட முடியாது. கான்கிரீட்டோ நன்றாக இறுக்கிய நிரப்போதான் போட வேண்டும். குறித்த ஆழத்தைத் தாண்டினால் செலவு ஒப்பந்தக்காரருடையது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மலிவாகத் தோண்டக் கொடுத்து, மிச்சம் பிடித்ததைக் கான்கிரீட்டில் இழப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

பாறையும் ஊற்று நீரும் தனிக் கதை. மூவரிடமும், பாறை வந்தால் கன மீட்டருக்கு என்ன விலை, தண்ணீர் வந்தால் பம்பு வைக்க நாளைக்கு என்ன விலை என்று இப்போதே எண்ணாக வாங்குங்கள். "வந்தா பாத்துக்கலாம் சார்" என்ற பதிலை ஏற்க வேண்டாம். பாறை தெரிந்த அன்று குழி திறந்து கிடக்கும், ஆள் மாற்ற முடியாது, அவர் சொல்வதுதான் விலை. எதைப் பாறை என்று சொல்வது என்பதும் முக்கியம். இயந்திரத்தின் சாதாரண வாளியால் வெட்ட முடியாமல் உடைப்பான் (பாறையை இடித்து உடைக்கும் கருவி) பூட்ட வேண்டியது எதுவோ அது பாறை, பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டது மட்டும், என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்னச் செலவு செய்யுங்கள். குழி வரப்போகும் இடத்தில் இரண்டு மூன்று மூலைகளில் கடைசி ஆழம்வரை சோதனைக் குழி போட்டுப் பாருங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். மூவரையும் கூப்பிட்டுக் காட்டி, பிறகு புதிதாக விலை கேளுங்கள். மொத்தத் தொகை சொன்னவர் இறங்கி வர வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அவர் பயத்துக்குப் போட்ட தொகை அதில் இருக்கிறது.

காப்பீட்டை வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. ஒன்றரை மீட்டர் ஆழக் குழியில் சுவர் சரிந்தால் உள்ளே நிற்பவர் தப்புவது கடினம். பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டால் அதுவும் வழக்குதான். தொழிலாளர்களுக்கும் மூன்றாம் நபர் சேதத்துக்குமான பாலிசி நகலை வாங்கி, முடியும் தேதியைப் பாருங்கள். பக்கத்துச் சுவரையும் வேலைக்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். தண்ணீர், மின்சார, எரிவாயுக் குழாய்கள் எங்கே போகின்றன என்று விசாரித்துக் குறிப்பதும் தோண்டும் முன்பே முடிய வேண்டும். உடைந்தால் யார் கட்டுவது என்பதும் எழுத்தில் வேண்டும்.

முன்பு வேலை செய்த இடங்களில் விசாரிக்கும்போது "நல்லா செஞ்சாரா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். முதலில் சொன்ன தொகை என்ன, கடைசியில் கொடுத்தது என்ன என்று கேளுங்கள்.

கடன் விஷயம். பல வங்கிகள் கட்டக் கட்டத்தான் பணம் விடுவிக்கும். தோண்டுவதோ முதல் வேலை. அதனால் இந்தத் தொகையையும், சோதனைக் குழி போட்டிருந்தால் அதற்கு மேல் 15 முதல் 20 சதவீதத்தையும் சொந்தக் கையிருப்பில் வையுங்கள். அந்தக் கூடுதல் பணத்தை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வைப்பது நல்லது, பூட்டிப் போடும் வைப்பில் வேண்டாம். செலவாகாமல் மிஞ்சினால் டைல்ஸுக்கு ஆகும் என்று வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால், இரண்டாமவர். குழியில் அளக்க ஒப்புக்கொண்டு, பாறைக்குத் தனி விலை எழுதித் தந்தால் அவரிடம் கொடுங்கள். சோதனைக் குழியில் ஈரமோ பாறையோ தெரிந்தால் மட்டும் மூன்றாமவரின் புதிய தொகையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் 20 சதவீதக் கையிருப்புக்குள் இருந்தால் அவரே மேல். யாராக இருந்தாலும், கம்பி கட்டுபவரும் கான்கிரீட்காரரும் தேதி சொன்ன பிறகே இயந்திரத்தை வரச் சொல்லுங்கள். திறந்து கிடக்கும் குழியில் ஒரு மழை பெய்தால் அடிமண் சேறாகும், அதை வழித்து எடுக்க மறுபடியும் ஒரு பில் வரும்.