52 வயதில் கோடிங் மண்டையில் ஏறுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. பெரியவர்களுக்கு கம்ப்யூட்டரும் கோடிங்கும் இலவசமாகச் சொல்லித்தர தன்னார்வலர்கள் சிலர் வகுப்பு நடத்துகிறார்கள், வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். இந்த வயதில் ஏறுமா? எல்லார் முன்னாலும் முழிக்க வேண்டுமே என்று தயக்கம்.

பதில்: தாராளமாக ஏறும், போங்கள். ஜப்பானின் மசாக்கோ வகாமியா அறுபதை நெருங்கும்போதுதான் கம்ப்யூட்டரையே வாங்கினார். 2017-ல், 81 வயதில், தானே உருவாக்கிய விளையாட்டுச் செயலியை ஐபோனுக்கு வெளியிட்டார். கோடிங் என்பது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவதுதான், அதற்கான மொழிகளில் பைத்தான் மாதிரி எளிய ஒன்றில் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் print என்று அடித்து, அடைப்புக்குள் மேற்கோள் குறி போட்டு உங்கள் பெயரை எழுதி ஓட்டினால் திரையில் பெயர் வந்து நிற்கும், அந்த நிமிடமே பாதி பயம் போய்விடும். அப்புறம் ஏதாவது ஒரு அடைப்புக்குறியை மூட மறப்பீர்கள், பிழை என்று வரும். அது திட்டு இல்லை, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று கைகாட்டுகிறது, வருடக்கணக்கில் இதே வேலை செய்பவர்களுக்கும் வருவதுதான். ஒன்று மட்டும், சொல்லித்தருபவர் அவசரத்தில் மவுஸை வாங்கித் தானே செய்து காட்டினால், "நானே செய்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். சரி, கோடிங் பிடிக்கவில்லையா, பரவாயில்லை, சேமித்த ஃபைலைத் தேடி எடுக்கவும் ஓடிபி கேட்டு வரும் மோசடி அழைப்பை அடையாளம் காணவும் அங்கேயே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.