தையல் அளவுகோல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தையல் வகுப்பில் சேர்ந்து ரவிக்கை தைக்கப் பழகிவருகிறேன். வீட்டில் என்னுடைய டேப்பால் அளவெடுத்துச் சென்று, வகுப்பு மேசையில் உள்ள ஸ்டீல் ஸ்கேலால் வரைந்து வெட்டினால் ரவிக்கை மார்பில் இறுக்குகிறது. வீட்டிலேயே அளந்து, வீட்டிலேயே வெட்டினால் சரியாக அமைகிறது. குறை என் கையிலா, டேப்பிலா?
– வாசகி, ஈரோடு

பதில்: டேப்பில்தான். விலை குறைந்த பிளாஸ்டிக் டேப்புகளும் துணி டேப்புகளும் இழுத்து இழுத்துப் பயன்படுத்துவதால் நாளடைவில் நீண்டுவிடுகின்றன. நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டுவிட்ட ஒரு டேப்பைச் சுற்றினால், உண்மையில் 34 அங்குலமாக உள்ள மார்புச் சுற்றளவு ஏறத்தாழ 33⅓ அங்குலம் என்றே காட்டும். அந்த எண்ணை நீளாத ஸ்டீல் ஸ்கேலால் துணியில் வரையும்போது முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான துணி காணாமல் போய்விடுகிறது. வீட்டில் இந்தக் குறை தெரியாததற்குக் காரணம், உடலை அளந்த அதே டேப்பால் துணியையும் அளப்பதால் ஒரு பிழையை மற்றொன்று சரிசெய்துவிடுவதுதான். ஆகவே, எவ்வளவு நல்ல கருவி என்பதைக் காட்டிலும், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கருவியையோ ஒன்றோடொன்று ஒத்துப்போகும் கருவிகளையோ பயன்படுத்துகிறோமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

புதிய டேப் வாங்கும்போது கண்ணாடி இழை சேர்த்துச் செய்யப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். அது எளிதில் நீளாது. 60 அங்குல டேப் பெரும்பாலான தையல் வேலைகளுக்குப் போதும். முனையில் உள்ள உலோகத் தகட்டின் விளிம்பிலிருந்தே அளவு தொடங்குகிறதா என்று பாருங்கள். தகடு ஆடினாலோ கழன்றாலோ அந்த டேப்பை அளவெடுக்க வைத்துக்கொள்ளாதீர்கள். கடையிலேயே ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கேட்டு வாங்கி, அதன் பக்கத்தில் டேப்பை வைத்து, முதல் 12 அங்குலம், அடுத்த 12 அங்குலம் என்று நகர்த்தி முழு நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வாங்கிய பிறகு அதைத் தேய்ப்புப் பெட்டிக்கு அருகில் வைக்காதீர்கள், சூட்டில் அதன் வினைல் பிளாஸ்டிக் பூச்சு சுருங்கும்.

கேள்வி: துண்டுத் துணிகளை இணைத்து நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் குவில்ட் விரிப்புகளைச் செய்ய ஆசைப்படுகிறேன். எல்லாக் காணொளிகளிலும் 6 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் உள்ள கண்ணாடி போன்ற ஸ்கேலைப் பயன்படுத்துகிறார்கள். அதன் விலை அதிகமாக இருக்கிறது. வீட்டில் உள்ள 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலே போதாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் எதனால் வெட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாக் கட்டியால் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுவதானால் ஸ்டீல் ஸ்கேல் தாராளமாகப் போதும். அட்டையிலோ பழைய எக்ஸ்ரே பிலிமிலோ ஒரு சதுரத்தை வெட்டி வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வரைந்தால் இன்னும் வேகமாக முடியும். பீட்சா வெட்டும் சக்கரம்போல உருளும் ரோட்டரி கட்டரைப் பயன்படுத்துவதானால் ஸ்டீல் ஸ்கேல் கூடவே கூடாது.

அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் ரோட்டரி கட்டரை அறிமுகப்படுத்தியது. அதன் வட்ட பிளேடு, ஸ்கேலின் ஓரத்தை ஒட்டியபடியே ஓட வேண்டும். ஸ்டீல் ஸ்கேலின் ஓரம் மெல்லியது என்பதால் பிளேடு அதன்மேல் ஏறி, ஸ்கேலைப் பிடித்திருக்கும் விரல்களின் மீது பாய்ந்துவிடும். ஏறாவிட்டாலும் உலோகத்தில் உரசிக் கூர் மழுங்கும். பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலையோ பிளேடு சீவி எடுத்துவிடும். குவில்ட் ஸ்கேல் ஏறத்தாழ 3 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக்கால் ஆனது. அந்தத் தடிமன்தான் பிளேடுக்குச் சுவராக நிற்கிறது. அது ஒளி ஊடுருவக்கூடியதாக இருப்பதால், அடியில் உள்ள துணியின் ஓரத்தை ஸ்கேலின் கோட்டுக்கு நேராக வைத்து, சாக் கோடு போடாமலேயே வெட்ட முடிகிறது.

24 அங்குலம் என்ற நீளத்துக்கும் பொருள் உண்டு. 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள பருத்தித் துணியைக் கரையோடு கரை சேர்த்து இரண்டாக மடித்தால் 22 அங்குலம் வரும். 24 அங்குல ஸ்கேல் அந்த மடிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வீச்சில் கடந்துவிடும். 12 அங்குல ஸ்கேலை நடுவில் நகர்த்தி வைத்து வெட்டினால், நகர்த்திய இடத்தில் பட்டை வளைந்துவிடும். ஆகவே ஒரே ஒரு ஸ்கேல்தான் வாங்க முடியும் என்றால் 6-க்கு 24 அங்குலத்தையே வாங்குங்கள். அடுத்ததாகப் பணம் சேர்ந்தால் 12½ அங்குலச் சதுர ஸ்கேலை வாங்கலாம். 12 அங்குலக் கட்டத்துக்கு நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் 12½ ஆகிறது, அந்தக் கூடுதல் அரை அங்குலம் அதற்காகவே. முக்கோணம், அறுகோணம், விசிறி என்று கடைகளில் குவிந்திருக்கும் சிறப்பு ஸ்கேல்களைத் தொடக்கத்தில் வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. நல்ல நீள ஸ்கேலில் 30, 45, 60 பாகைக் கோடுகள் இருக்கும். பெரும்பாலான முக்கோணங்களை அவற்றைக் கொண்டே வெட்டிவிடலாம்.

வாங்கும்போது கோடுகள் மெல்லியவையாக உள்ளனவா, கறுப்புத் துணியின் மீதும் வெள்ளைத் துணியின் மீதும் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று இரண்டு துணித் துண்டுகளை வைத்துப் பாருங்கள். ஸ்கேலின் ஓரமாகத் தாளில் ஒரு கோடு போட்டு, ஸ்கேலை அப்படியே புரட்டி அதே கோட்டின் மீது வையுங்கள். இடைவெளி தெரிந்தால் ஓரம் நேராக இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்கேல்களில் கோட்டின் தடிமன் மாறுவதுண்டு. ஒரு விரிப்பை முடிக்கும் வரை ஸ்கேலை மாற்றாதீர்கள். வெட்டும்போது ஸ்கேல் வழுக்கினால், உப்புத்தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: மிகக் கவனமாக வெட்டியும் என் குவில்ட் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஒரு வரிசை மற்றொன்றைவிடக் குட்டையாகிவிடுகிறது. இத்தனைக்கும் என் பாட்டி பழஞ்சேலைகளில் ஸ்கேலே இல்லாமல் விரிப்பு தைத்தவர்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வெட்டுவதில் அன்று, தையலில்தான் பெரும்பாலும் அளவு நழுவுகிறது. 2½ அங்குலச் சதுரங்கள் எட்டை ஒரே வரிசையாக இணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கால் அங்குலம் தையலுக்குப் போனால் வரிசையின் நீளம் 16½ அங்குலம் வர வேண்டும். ஒவ்வொரு தையலிலும் 1/16 அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கூடுதலாகப் பிடித்துவிட்டால், தையலின் இரண்டு பக்கத்துக்குமாக 1/8 அங்குலம் குறையும். ஏழு தையல்களுக்கு அது 7/8 அங்குலமாகி, வரிசை 15⅝ அங்குலத்தில் நின்றுவிடும். தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத பிழை இது.

மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் ஓரம் ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள். அது மெஷினுக்கு மெஷின் மாறும். குவில்ட் ஸ்கேலை ஊசியின் அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, ஊசி முனை கால் அங்குலக் கோட்டின் மீது படுமாறு இறக்குங்கள். ஸ்கேல் தட்டோடு கோணாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, அதன் வலப்பக்க ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டின் மீது மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசியபடியே செல்ல வேண்டும். காலால் மிதிக்கும் பழைய மெஷின்களில் தட்டின் மீது அளவுக்கோடுகள் இல்லாததால் இந்த முறை மிகவும் கைகொடுக்கும்.

பிறகு ஒரு சோதனை செய்துபாருங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்துத் தையலை ஒருபக்கமாக மடித்துத் தேயுங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் மொத்த அகலம் 3½ அங்குலமும் இருக்க வேண்டும். குறைந்தால் மாஸ்கிங் டேப்பை ஒரு நூலிழை அளவு ஊசிப் பக்கமாக நகர்த்துங்கள். துணி மடங்கும் இடத்திலும் நூலின் தடிமனிலும் சிறிது துணி போய்விடுவதால், அனுபவமுள்ளவர்கள் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாகவே தைப்பார்கள்.

பாட்டியின் முறை வேறு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் கையால் தைக்கும் கவந்தி விரிப்புகளிலும் ஸ்கேலுக்கு வேலையில்லை. ஓரத்திலிருந்து தொடங்கி, பழந்துணித் துண்டுகளின் விளிம்பை மடித்து வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே நடுவை நோக்கி வருவார்கள்; அடுத்த துண்டு, மிஞ்சியுள்ள இடத்துக்கு ஏற்றபடி அமைந்துவிடும். தனித்தனியாகச் செய்த கட்டங்கள் பின்னர் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்னும்போதுதான் அளவு கட்டாயமாகிறது. உங்களுக்குக் கட்டங்கள் வேண்டாமென்றால் பாட்டியின் வழிக்கே திரும்பலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

கேள்வி: அமெரிக்க வடிவமைப்புகளில் கெஜமும் அங்குலமும், ஜப்பானிய வடிவமைப்புகளில் சென்டிமீட்டரும் வருகின்றன. எங்கள் ஊர்க் கடையில் துணி மீட்டரில் கிடைக்கிறது. எல்லாவற்றையும் அங்குலத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வாங்குவதற்கு மட்டும் மாற்றுங்கள், வெட்டுவதற்கு மாற்றாதீர்கள். ஒரு கெஜம் 91.44 செ.மீ.; ஆகவே ஒவ்வொரு கெஜத்துக்கும் ஒரு மீட்டர் வாங்கினால் ஏறத்தாழ 3⅜ அங்குலம் மிச்சமாகும், துவைத்தால் சுருங்கும் பருத்தித் துணிக்கு அது வேண்டியதுதான். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.; ஜப்பானிய வடிவமைப்புகளில் தையலுக்குப் பொதுவாக 0.7 செ.மீ. விடுவார்கள். அதைக் கால் அங்குலமாக்கிக்கொண்டால் மேலே சொன்ன ஏழு தையல் கணக்கு இங்கேயும் வந்து நிற்கும். சென்டிமீட்டர் வடிவமைப்பைச் சென்டிமீட்டர் ஸ்கேலால் வெட்டி, தையலுக்கு அது சொல்லும் அளவையே விட்டுத் தையுங்கள்.

கேள்வி: ரவிக்கை, சுடிதார் மட்டுமே தைக்கும் எனக்கு ‘L’ வடிவ எல் ஸ்கேலும் வளைவுகள் வரைய உதவும் பிரெஞ்ச் கர்வும் தேவையா?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டில் ஒன்று என்றால் பிரெஞ்ச் கர்வை வாங்குங்கள். கழுத்தும் கைக்குழியும்தான் ரவிக்கையின் அழகைத் தீர்மானிக்கின்றன. கை பழகும் வரை அந்த வளைவுகளை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரைய அது உதவும். அளவெடுக்கும்போது டேப்பைப் படுக்க வைக்காமல், அதன் ஓரம் துணியில் படுமாறு நிமிர்த்தி நிறுத்தி, வெட்டிய ஓரத்தில் அல்லாமல் தையல் விழும் கோட்டின் வழியே அளந்தால் கைக்குழியின் உண்மையான சுற்றளவு கிடைக்கும்.

எல் ஸ்கேல், முதலில் தாளில் வரைந்து வெட்டிக்கொள்ளும் பேப்பர் கட்டிங் செய்பவர்களுக்கே மிகவும் பயன்படும். அதன் ஓரங்களில் கால், ஆறிலொரு பங்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு என்று பின்ன அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். கால் பங்கு ஓரத்தில் 32 என்ற எண்ணுக்கு நேராகப் புள்ளி வைத்தால் 8 அங்குலம் தானாகக் கிடைத்துவிடும். வாங்கினால் மூலை செங்கோணமாக உள்ளதா என்று சோதியுங்கள். ஸ்கேலின் ஒரு பக்கத்தில் மூலையிலிருந்து 9 அங்குலத்தையும் மறுபக்கத்தில் 12 அங்குலத்தையும் குறித்து, இரண்டுக்கும் இடையே குறுக்காக அளந்தால் 15 அங்குலம் வர வேண்டும். மூலைமட்டம் பார்க்கக் கொத்தனார் செய்யும் அதே சோதனை இது.

கேள்வி: துணியை வெட்டும்போது அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டில் கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றனவே, அவற்றைக் கொண்டே அளந்து வெட்டலாமா?
– வாசகி, சேலம்

பதில்: துணியை ஏறத்தாழ நேராக விரிக்க மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். மேட் வெயிலிலும் சூட்டிலும் நெளியும். அதன் கோடுகள் பிளேடு பட்டுப் பட்டுத் தேயும். அளவை எப்போதும் ஸ்கேலில் உள்ள கோட்டைக் கொண்டே எடுங்கள். மேட்டின் மீது துணியைத் தேய்க்காதீர்கள். நெளிந்த மேட் பழையபடி தட்டையாவது அரிது.