முதல் உயிர் எது என்று கேட்ட பையனுக்கு

அன்புள்ள அக்கா,

வணக்கம். பீனிக்ஸில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் உயிரெழுத்து நடத்திக்கொண்டிருந்தபோது பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், முதல் உயிர் எது?" என்றான். "அ" என்றேன். "எழுத்து இல்லை சார், நிஜ உயிர். உலகத்தில் முதல்முதலாக உயிரோடு இருந்தது எது?" என்றான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடினால் ஒருவர் ஆழ்கடல் என்கிறார், ஒருவர் குட்டை என்கிறார், இன்னொருவர் விண்கல் என்கிறார். எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. உயிரிலிருந்துதானே உயிர் வரும்? உறைமோர் இல்லாமல் பால் தோயுமா? பார்பர்ட்டன் மலைக்குப் போய்வந்ததாக நீங்கள் முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்தப் பாறைக்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பு இருக்கிறதா? பையனுக்கு என்ன சொல்லட்டும்?

உங்கள் வாசகன்,
பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா.

அன்புள்ள தம்பி,

அந்தப் பையனை நேரில் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இதே நினைப்புதான்.

பார்பர்ட்டனிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் நான் படித்தது, அது கண்ணால் பார்த்தது. டர்பனிலிருந்து ஒரு முழுப் பகல் காரில் போக வேண்டும். ஊரைத் தாண்டி எஸ்வாட்டினி எல்லையை நோக்கி ஏறும் மலைச்சாலையில், வண்டியை நிறுத்திப் பாறையைப் பார்ப்பதற்கென்றே அங்கங்கே இடம் ஒதுக்கி, விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். மக்கோன்ஜ்வா மலைகள் என்று பெயர். 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முதல் பார்வைக்குப் புல் மூடிய சாதாரண மலைதான். ஆனால் அங்கே காலுக்குக் கீழே இருக்கும் பாறைகள் சுமார் 360 கோடியிலிருந்து 320 கோடி ஆண்டுகள் வரை பழையவை. பூமிக்கே வயது 454 கோடி. கிரீன்லாந்தில் இதைவிடப் பழைய பாறைகள் உண்டு, ஆனால் அவை பூமிக்குள் வெந்து நசுங்கி உருமாறிப்போனவை. இவ்வளவு வயதாகியும் முகம் கெடாமல் இருப்பவை என்றால் பார்பர்ட்டனையும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவையும்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நிறுத்தத்தில் மணற்பாறை. வெயிலில் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. கையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் அதன்மேல் ஊற்றினேன். ஈரம் பட்ட இடத்தில் கறுத்த கோடுகள் எழுந்துவந்தன, சில தலைமுடி கனம், சில சாக்கு நூல் கனம். எதுவும் நேராக இல்லை. காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படியுமே, அதை விரலால் ஒதுக்கினால் எப்படிச் சுருங்கி நெளியுமோ அப்படி இருந்தது. மணல், அதன்மேல் ஓர் ஆடை, மறுபடி மணல், மறுபடி ஆடை.

அந்த ஆடைதான் தம்பி, உயிர். 322 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடற்கரை. குளத்துப் படிக்கட்டில் பாசி படர்ந்து வழுக்குவதுபோல, கோடானுகோடி நுண்ணுயிர்கள் ஒட்டிப் பிசுபிசுத்து மணல்மேல் விரிப்பாகப் படர்ந்திருந்தன. அலை மணலைக் கொண்டுவந்து மூடும், அதற்கு மேல் மறுபடியும் ஒரு விரிப்பு படரும். அதே பாறைத் தொடரில் ஓதம் ஏறி இறங்கியதும் பதிவாகியிருக்கிறது. சில அடுக்குகள் தடித்து, சில மெலிந்து, மறுபடி தடித்து வருகின்றன. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பெருகும், அட்டமியை ஒட்டி அடங்கும் என்று நம் மீன்பிடிக்காரர்கள் சொல்கிற கணக்கு, மீன் என்ற ஒன்றே இல்லாத காலத்துக் கல்லில் இருக்கிறது. நான் அங்கே ரொம்ப நேரம் நின்றேன்.

சரி, அது பழசு, அது உயிர்தான் என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி, பையனும் கேட்பான். 1966இல் பார்கூர்ன், ஷாப் என்ற இருவர் பார்பர்ட்டனின் கறுப்புச் சக்கிமுக்கிப் பாறைக்குள் குச்சி வடிவ நுண்ணுயிர்களைப் பார்த்ததாக அறிவித்தார்கள், அன்றைக்கு அது பெரிய செய்தி. ஆனால் குச்சி, உருண்டை போன்ற எளிய வடிவங்களை உயிரில்லாத வேதிவினைகளும் செய்துவிடும், அதனால் வடிவத்தை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய நான் தயாரில்லை. என்னை மாற்றுப் பேச்சில்லாமல் ஒப்புக்கொள்ள வைத்தது வேறு ஒரு வேலை. 2004இல் டைஸ், லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே மலையின் பக் ரீஃப் என்ற பாறை அடுக்கை ஆராய்ந்தார்கள். வயது 342 கோடி. அங்கே ஆழமில்லாத கடலில் படிந்த பகுதியில் கரிய விரிப்புகள் இருக்கின்றன, ஆழக்கடலில் படிந்த பகுதியில் இல்லை. வெளிச்சம் எட்டுகிற இடத்தில் மட்டும் படர்ந்திருக்கிறது என்றால் வெளிச்சத்தைத் தின்று பிழைத்த ஒன்று என்றுதானே அர்த்தம்? கூடவே, அந்தக் கரியில் கனம் குறைந்த கார்பன் வழக்கத்தைவிட அதிகம், உயிர்கள் கார்பனை எடுக்கும்போது கனம் குறைந்ததைத்தான் விரும்பி எடுக்கும். காற்றில் ஆக்சிஜன் இல்லாத காலம் அது. இன்றைய செடிகள்போல் அவை ஆக்சிஜனை வெளியிட்டதற்கும் அங்கே தடயம் இல்லை.

அந்தக் கடற்கரை அமைதியாகவும் இருக்கவில்லை. அதே மலையில் மணல் அளவு குட்டிக் குட்டி உருண்டைகள் நிறைந்த அடுக்குகள் உண்டு, விண்கல் மோதிப் பாறை ஆவியாகி, அந்த ஆவி குளிர்ந்து மழையாகக் கொட்டியவை. 326 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த ஒன்று மட்டும் 37 முதல் 58 கிலோமீட்டர் அகலம் இருக்கலாம் என்று ஹார்வர்டின் நாஜா டிராபன் குழு 2024இல் எழுதியது. டைனோசரை அழித்தது சுமார் 10 கிலோமீட்டர்தான். கடலின் மேல்மட்டம் கொதித்து ஆவியானது, வெளிச்சம் போனது. ஆனால் மோதல் கலக்கிவிட்ட இரும்பையும், அதோடு வந்த பாஸ்பரஸையும் உண்டு, நுண்ணுயிர்கள் சீக்கிரமே மறுபடி பெருகியிருக்கின்றன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது உங்கள் உறைமோர். உறைமோர் இல்லாத நாளில் என் ஆயா பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டு வைப்பார், தோய்ந்துவிடும். ஆனால் அந்தக் காம்பிலும் நுண்ணுயிர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே நீங்கள் சொல்வது சரிதான், உயிரிலிருந்துதான் உயிர். கொதிக்கவைத்த ரசத்தை வளைந்த கழுத்துக் குடுவையில் வைத்து, தூசி புகாவிட்டால் அது கெடவே கெடாது என்று பாஸ்டர் காட்டியது 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில். நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் வந்து இறங்கிய அதே காலம்.

ஆனால் பாஸ்டர் காட்டியது இன்றைய பூமிக்கு. இன்றைக்கு ஒரு குட்டையில் உயிருக்கான பொருள்கள் கொஞ்சம் சேர்ந்தால் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு கிருமி அதைத் தின்றுவிடும், தப்பியதை ஆக்சிஜன் கெடுக்கும். டார்வினே 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் இப்படித் தின்னப்பட்டுவிடும் என்பதைச் சொல்லியிருக்கிறார், வெதுவெதுப்பான சின்னக் குட்டை என்ற பேச்சும் அந்தக் கடிதத்தில்தான் வருகிறது. முதலில் தின்பதற்கு யாரும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. பொருள்கள் கிடந்து சேர நேரம் இருந்தது.

பொருள்கள் கிடைத்ததில் பெரிய மர்மம் இல்லை. 1953இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் கலவையில் மின்பொறி விட்டு, சில நாளிலேயே புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்களை எடுத்தார். அன்றைய காற்று அந்தக் கலவையாகவே இருந்திருக்காது என்று பின்னால் பலர் சொன்னார்கள், அது சரியான மறுப்புதான். ஆனால் 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லுக்குள்ளேயே அமினோ அமிலங்கள் இருந்தன. அதைக் கண்டறிந்த குழுவில் இருந்தவர் சிரில் பொன்னம்பெருமா, இலங்கையின் காலியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். நீங்கள் படித்த விண்கல் கதையின் ஒரு பாதி இதுதான். விண்கல் அரிசி பருப்பைக் கொண்டுவந்தது என்று ஒப்புக்கொள்கிறேன், சமைத்துக் கொண்டுவந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

கஷ்டம் சமையலில்தான் இருக்கிறது. இங்கே உங்கள் உயிரெழுத்துப் பாடம் உதவும். இன்றைய உயிர்களில் டி.என்.ஏ. குறிப்பேடு, புரதம் வேலையாள். குறிப்பைப் படியெடுக்கப் புரதம் வேண்டும், புரதத்தைச் செய்யக் குறிப்பு வேண்டும். எது முதலில் வந்தது? ஆர்.என்.ஏ. என்ற மூன்றாவது பொருள், குறிப்பையும் தாங்கும், வேலையும் செய்யும் என்று தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் காட்டி 1989இல் நோபல் பரிசு பெற்றார்கள். உயிரும் மெய்யும் ஒரே எழுத்தில் சேர்ந்திருக்கும் உயிர்மெய்போல. பையனிடம் கரும்பலகையில் "க" எழுதிச் சொல்லலாம், புரிந்துகொள்வான்.

இதற்குச் சாட்சி நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. புரதம் செய்யும் ரிபோசோமின் கட்டமைப்பைக் காட்டியதற்காக 2009இல் மூன்று பேருக்கு நோபல் கொடுத்தார்கள், அதில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் குழு ரிபோசோமின் சிறிய பாதியையும், தாமஸ் ஸ்டைட்ஸ் குழு பெரிய பாதியையும் அணு அணுவாக வரைந்தன. பெரிய பாதியில், அமினோ அமிலத்தோடு அமினோ அமிலத்தைக் கோக்கும் அந்த இடத்தில், வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. புரதம் எல்லாம் ஓரத்தில் ஒத்தாசைக்கு நிற்கிறது. புரதம் பிறக்கும் இடத்தில் புரதம் வேலையாள் இல்லை என்றால், புரதம் வருவதற்கு முன்பே ஆர்.என்.ஏ. அங்கே இருந்திருக்க வேண்டும். பழைய வீட்டை எத்தனை முறை மாற்றிக் கட்டினாலும் நடுக்கூடத்துத் தூண் அப்படியே இருக்குமே, அது மாதிரி.

எங்கே நடந்தது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் ஓயாமல் வேதி ஆற்றல் கிடைக்கும் என்கிறது ஒரு கட்சி. குட்டை காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்தால்தான் சின்ன மூலக்கூறுகள் செறிவாகி நீண்ட சங்கிலியாகக் கோக்கும் என்கிறது இன்னொன்று. என் மனம் குட்டைப் பக்கம், ஏனென்றால் தண்ணீரிலேயே கிடந்தால் ஆர்.என்.ஏ. சங்கிலி உடைந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் ஒரு குழப்பம். "எல்லா உயிருக்கும் பொது மூதாதை" என்று நீங்கள் தேடியபோது படித்திருப்பீர்கள், அதை முதல் உயிர் என்று நினைத்துவிடக் கூடாது. நம் வீடுகளில் வம்சத்தைத் தேடினால் எங்கே போய் நிற்கிறோம்? கப்பல் பட்டியலில். ஓர் எண், தகப்பன் பெயர், வட ஆற்காடு என்று ஒரு ஜில்லா, உடம்பில் ஒரு மச்ச அடையாளம். என் பாட்டனாருக்குப் பாட்டனார் அதில் இருக்கிறார். அதற்கு மேல் எங்களால் போக முடியவில்லை, அதற்காக அவர்தான் உலகத்தின் முதல் மனிதர் ஆகிவிடுவாரா? அவருக்கும் ஊர், உறவு, பங்காளிச் சண்டை எல்லாம் இருந்திருக்கும். பொது மூதாதையும் அப்படியே. அது சுமார் 420 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்கும் என்று 2024இல் ஒரு குழு மரபணுக்களை வைத்துக் கணித்தது, வைரஸை எதிர்க்கும் ஏற்பாடுகூட அதனிடம் இருந்திருக்கும் என்றும் சொன்னது. வைரஸ் இருந்தால் அக்கம்பக்கமும் இருந்திருக்கிறது. அவர்கள் வம்சம் நம்மோடு சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆக, பையனிடம் ஒரு பெயரைச் சொல்லி முடிக்காதீர்கள். உயிரில்லாத பொருளுக்கும் உயிருக்கும் நடுவே இந்த நிமிடம் என்று கோடு போட முடியாது என்று சொல்லுங்கள். பால் எந்த நொடியில் தயிர் ஆனது என்று அவன் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். நாம் கையால் தொடக்கூடிய மிகப் பழைய உயிர்களில் ஒன்று தனி ஆள் கிடையாது, ஒன்றன் கழிவை ஒன்று தின்று ஒட்டி வாழ்ந்த கூட்டம், அது நம் நாட்டிலேயே இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

பிறகு நடந்ததெல்லாம் நீண்ட கதை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் விட்ட ஆக்சிஜன் காற்றில் தங்க ஆரம்பித்தது, ஒரு செல் இன்னொன்றை விழுங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டதால் நம் செல்கள் உருவானது அதற்கும் பின்னால். அவன் அடுத்த கேள்வி கேட்டால் எழுதுங்கள், தனியாகப் பேசலாம்.

முடிந்தால் ஜூலை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள், குளிர்காலத்தில் அங்கே மழை இருக்காது, சாலையும் நன்றாக இருக்கும். பாறையை உடைக்கவோ எடுத்து வரவோ கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படியே ம்பொம்பேலா (பழைய நெல்ஸ்பிரைட்) பக்கம் சுட்வாலா குகைக்கும் போகலாம், அங்கே தலைக்கு மேல் கூரையிலேயே இந்த விரிப்புகளின் பிற்கால வாரிசுகள் கல்லாகித் தொங்குகின்றன. மலையில் இறங்கும்போது ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொடுங்கள். காய்ந்த பாறையில் ஒன்றும் தெரியாது.

அன்புடன்,
அக்கா