எல்லாம் அவன் செயல் என்றால் என் முடிவு யாருடையது?

"எல்லாம் இறைவன் செயல் என்றால் நான் எடுக்கும் முடிவு என்னுடையதுதானா, அதற்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் முதல் பாதியை யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். இரண்டாம் பாதியைக் கேட்பவர் பெரும்பாலும் எதையோ செய்துவிட்டு வந்தவராகத்தான் இருப்பார். என் ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படி ஒன்றைச் செய்தவன் என்பதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

1994ஆம் ஆண்டு எனக்கு 22 வயது. பல்லடத்திற்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. அதில் பாதியை விற்று நான்கு பழைய விசைத்தறிகளை வாங்கிக் கூலிக்கு ஓட்டலாம் என்பது என் திட்டம். அப்பாவுக்கு அதில் அரைமனம். இப்படி மனம் இரண்டாக நிற்கும்போது சாமியிடம் பூக் கேட்பது எங்கள் வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் வேறுபாடு தெரியாதபடி கட்டி, அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு, விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் கோவிலில் வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

பூக் கட்டும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். கோவில் திண்ணையில் உட்கார்ந்து, வாழைச்சருகை ஒரே அளவாகக் கிழித்து, இரண்டிலும் வெள்ளரளியையே வைத்து நாரால் முடிச்சுப் போட்டேன். செவ்வரளியைக் கசக்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். கை நடுங்கவில்லை; ஏனென்றால் முதல் நாள் இரவே அப்படிச் செய்வதென்று முடிவு செய்திருந்தேன். பூசாரியின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அப்பா பிரித்துப் பார்த்து, வெள்ளைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எடுக்காத பொட்டலத்தை அவர் தொடவில்லை. திரும்பும்போது அதை நான் கோவில் கிணற்றில் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் கிரயப் பத்திரத்தில், பூர்வீகச் சொத்து என்பதால், அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

தறிகள் நான்கு ஆண்டுகள் ஓடின. கூலி ஏறவில்லை, பாவு நூல் கொடுத்தவர் கணக்கை முடிக்கவில்லை, கடைசியில் பழைய இரும்புக்காரர் வந்து எடை போட்டு எடுத்துச் சென்றார். அப்பா ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. "சாமி உத்தரவு கேட்டுத்தானே செஞ்சோம், நம்ம விதி அப்படி" என்று துக்கம் விசாரிப்பது போல வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஜாதகத்தை வாங்கிப் பார்த்த உறவினர் ஒருவர் அட்டமச்சனி என்று தேதி உட்பட விளக்கிவிட்டுப் போனார். இந்த ஜாதகக்காரர்கள் மீது எனக்கு இன்றைக்கும் தீராத எரிச்சல் உண்டு. நடந்தபின் காரணம் சொல்வதற்குக் கிரகம் எதற்கு? அப்பா விதி என்று சொன்னதோ, என் இரண்டு விரல்கள் வாழைநாரில் போட்ட முடிச்சை.

அதன் பிறகுதான் நூல்களைத் தேடிப் படித்தேன். நான் பண்டிதன் அல்லன். பிழை இருந்தால் கற்றவர்கள் திருத்தட்டும். "ஊழிற் பெருவலி யாவுள", விதியைவிட வலியது எது, என்று கேட்ட வள்ளுவரே "ஊழையும் உப்பக்கம் காண்பர்", தளராமல் முயல்பவர் விதியையும் புறங்காட்ட வைப்பர், என்றும் சொன்னது முரண்பாடு என்று பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்குபவர்கள் உண்டு. முதலாவது 380ஆம் குறள், ஊழ் அதிகாரத்தின் முடிவு; இரண்டாவது 620ஆம் குறள், விடாமுயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் முடிவு. நடந்ததைத் திரும்பிப் பார்ப்பவனுக்கு முன்னது, செய்யப் போகிறவனுக்குப் பின்னது என்று முதலில் பொருள் கொண்டு ஆறுதல் அடைந்தேன். ஆனால் 380ஆம் குறள் "மற்றொன்று சூழினும்" என்று திட்டமிடுகிறவனைப் பற்றியும் பேசுவதால் அந்த ஆறுதல் நெடுநாள் நிற்கவில்லை. மேலும் என் சிக்கல் வேறு: என் ஆள்வினைதான் என் தந்தைக்கு ஊழாக வந்து சேர்ந்தது.

இதற்குச் சைவ சித்தாந்தம் எனக்குச் சொற்களைக் கொடுத்தது. பல பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம். அதில் இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். அதை நுகரும்போதே புதிதாக ஏறிக்கொள்வது ஆகாமியம். வினை அறிவற்ற சடப்பொருள் என்பதால் உரியவரைத் தானே தேடிச் சென்று பற்றாது, இறைவனே அதைக் கூட்டுவிக்கிறான் என்பது அவர்கள் கொள்கை. அப்படிப் பார்த்தால் அந்த ஒரே முடிச்சு அப்பாவுக்குப் பிராரத்தம், எனக்கு ஆகாமியம். அவருடைய இழப்பை இறைவன் கூட்டினான் என்று ஏற்றுக்கொண்டாலும் என் கணக்கிலிருந்து ஒரு காசுகூடக் குறையாது.

இன்னும் நெருக்கமாகத் தைத்தது வைணவ ஆசாரியர் இராமாநுசரின் விளக்கம். வேதாந்தத்தின் மூல நூலான பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் வரும் இதே கேள்விக்கு, முதல் முயற்சி உயிருடையது, உள்ளிருக்கும் இறைவன் அதற்கு அனுமதி தந்து நடத்துகிறான் என்று அந்நூலுக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் கூறும் அவர், ஓர் உவமை சொல்கிறார். இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் மூன்றாமவருக்குக் கொடுக்க வேண்டுமானால் மற்றவரின் இசைவு வேண்டும். ஆனாலும் இசைவைப் பெற்றுக் கொடுத்தவருக்கே அதன் பலன் சேரும். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட எனக்கு இது உவமையாகப் படவில்லை. அனுமதித்தவனைக் காட்டி, கேட்டவன் தப்பிக்க முடியாது.

மூளை ஆய்வைக் காட்டி, சுதந்திரமே மாயை என்று யாரேனும் வரக்கூடும். 1983இல் நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வில், கையை அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததாக ஆட்கள் குறிப்பிட்ட கணத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு வினாடி முன்பே மூளையில் அதற்கான மின்மாற்றம் தொடங்கியிருந்தது. இருக்கட்டும். நான் ஓர் இரவு முழுக்க விழித்திருந்து யோசித்தேன். வேண்டாம் என்று விடுவதற்குப் போதுமான நேரம் எனக்கு இருந்தது.

தெய்வத்தின் பெயரால் பொய்யாட்டம் ஆடியவன் தத்துவம் பேசலாமா என்று கேட்பீர்கள், கேட்கலாம். நான் நாத்திகன் அல்லன், இன்றும் அதே அம்மனைத்தான் கும்பிடுகிறேன். முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைக்காமலே, "அப்படி வெக்கோணும்னு உன்ற மனசுல தோண வெச்சது ஆரு?" என்று கேட்டார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு கொலையையும் கழுவிவிடலாம். பெற்றவள் என்மீது கொண்ட பிரியத்தில் சொன்னது அது. அதை நான் ஏற்கவில்லை.

அப்பாவிடம் சொல்ல 2011 வரை ஆயிற்று. முழங்கால் வலியால் கட்டிலோடு இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எடுக்காத பொட்டணத்தையும் பிரிச்சுப் பாக்கறதுதான் நம்ம கோயல் வழக்கம் கண்ணு. அன்னைக்கு நான் பிரிக்கலை" என்றார். ஏனுங்கப்பா என்று கேட்டேன். "பிரிக்கோணும்னு தோணலை" என்றார். தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டாரா என்று அதற்கு மேல் நான் கேட்கவில்லை.