வீடு வேறு, கவனிப்பு வேறு

கேள்வி: என் கணவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய மாடி வீட்டில் இளைய மகனோடு வசிக்கிறேன். கணவர் உயில் எழுதாமல் 2019-இல் காலமாகிவிட்டார். மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 63. இளையவனுக்கு 29 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. நான்கு வருடமாக ஒரு பேக்கரியில் பிஸ்கட் பொட்டலம் போடுகிறான். சிறப்புப் பள்ளியில் அவனோடு படித்த இரண்டு பையன்களையும் சேர்த்து மூவரையும் எங்கள் கீழ்த்தளத்தில் தங்கவைத்து, உடனிருந்து பார்த்துக்கொள்ள ஒரு தம்பதியை அமர்த்தலாம் என்று மூன்று குடும்பங்களும் பேசியிருக்கிறோம். பெங்களூரில் இருக்கும் மூத்தவன், "வீட்டை என் பேருக்கு எழுதிடும்மா, தம்பியை நான் பாத்துக்கறேன்" என்கிறான். எழுதிக் கொடுக்கலாமா? இப்படி வீடு நடத்த லைசென்ஸ் வேண்டுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, முழு வீட்டையும் எழுதிக்கொடுக்க உங்களால் முடியாது. அது முழுவதும் உங்களுடையது அல்ல. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். கணவர் இறந்த அன்றே அந்த வீடு உங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காக வந்துவிட்டது. நோயோ குறைபாடோ வாரிசுரிமையைப் பறிக்காது என்று அதே சட்டத்தின் 28-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே உங்கள் இளைய மகன் இப்போதே ஒரு வீட்டுக்காரர். அவரை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், அவர் தன் வீட்டில்தான் இருக்கிறார் என்பதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 13, அவருக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதியைக் கொடுக்கிறது. உதவி செய்பவரின் நலனும் அவர் நலனும் ஒரு சொத்து விஷயத்தில் மோதினால், உதவி செய்பவர் அதில் விலகி நிற்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். உறவினர் என்பதற்காக மட்டும் யாரையும் சந்தேகிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. உங்கள் மூத்த மகனின் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வீட்டை வாங்கிக்கொள்பவரே தம்பிக்காகச் சம்மதமும் சொல்ல முடியாது. நீங்களும் பங்குதாரர்தான், அதனால் பாகப்பிரிவினையில் இது உங்களுக்கும் பொருந்தும். பாகப்பிரிவினையை நீதிமன்றம் வழியாகச் செய்துகொள்வதே என் யோசனை. அங்கே நீங்கள் செய்துகொள்ளும் சமரசம் இளையவருக்கு நல்லதா என்று நீதிபதி பார்த்து அனுமதித்த பிறகு வரும் தீர்ப்பை நாளைக்கு யாரும் எளிதில் அசைக்க முடியாது. கீழ்த்தளம் அவர் பங்குக்கு வருமாறு கேளுங்கள்.

உங்கள் பங்கை யாருக்கும் செட்டில்மெண்ட் செய்ய, அதாவது இனாமாக எழுதிக்கொடுக்க, வேண்டாம். இந்திய அறக்கட்டளைகள் சட்டம் 1882-இன் கீழ் ஒரு குடும்ப அறக்கட்டளையைப் பதிவுசெய்து அதில் வையுங்கள். ஆயுள் முழுவதும் பயன் இளையவருக்கு, அதன் பிறகு மூத்தவரின் பிள்ளைகளுக்கு என்று எழுதலாம். மூத்தவர், உங்கள் வழி உறவினர் ஒருவர், மற்ற இரு குடும்பங்களிலிருந்து ஒருவர் என மூன்று பேர் அறங்காவலராக இருக்கட்டும். செட்டில்மெண்ட் செய்துவிட்டால் மூத்தவரின் கடனும் குடும்பச் சிக்கலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டும். அறங்காவலர் அந்தச் சொத்திலிருந்து தனக்கென்று லாபம் பார்க்கச் சட்டம் விடாது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. வீட்டில் தங்கும் உரிமை ஒரு பத்திரத்தில் இருக்கட்டும். பார்த்துக்கொள்ளும் தம்பதியின் சம்பளம், விடுப்பு, வேலை எல்லாம் வேறொரு ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒரே கையில் இருந்தால், கவனிப்பு சரியில்லை என்று வாய் திறப்பவர் வீட்டையும் இழக்க நேரிடும். தம்பதி மாறலாம், உங்கள் மகனின் அறை மாறக் கூடாது. மற்ற இரண்டு பையன்களுக்கும் தங்கும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். அவர்களின் பெற்றோருக்கும் உங்களுக்கு இருக்கும் அதே பயம்தான்.

காப்பாளர் விஷயம்: 18 வயதுக்குப் பிறகு பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999, பிரிவு 14-இன் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பியுங்கள். நியமனமானவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். புறக்கணித்தாலோ கையாடினாலோ அவரை நீக்கவும் வழி உண்டு. வங்கிக் கணக்கு போன்ற, உங்கள் மகனே உதவியோடு செய்யக்கூடிய காரியங்களுக்குக் காப்பாளரை முன்னால் நிறுத்தாதீர்கள்.

லைசென்ஸ் பற்றிக் கேட்டீர்கள். நண்பர்களோடு தன் வீட்டில் வாழ்பவர் நடத்துவது விடுதி அல்ல. ஆனால் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஓர் அமைப்பாகப் பணம் வசூலித்துப் பராமரிப்பு கொடுக்கத் தொடங்கினால், 2016 சட்டத்தின் 50-வது பிரிவுப்படி பதிவுச் சான்று இல்லாமல் நடத்தக் கூடாது. உங்கள் ஏற்பாடு இரண்டுக்கும் நடுவில் நிற்பதால், தொடங்கும் முன்பே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், கண்காணிப்பே இல்லாத ஒரு காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் மாண்டார்கள். இரண்டாவது வாசல், பூட்டாத கதவு, வந்து பார்க்கும் அதிகாரி என்ற மூன்றையும் சுமையாக நினைக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் யாராவது ஆட்சேபித்தால், சமூகத்தோடு வாழும் உரிமையைச் சொல்லும், 2016 சட்டத்தின் 5-வது பிரிவைக் காட்டுங்கள்.

உங்களுக்குப் பின் குடும்ப ஓய்வூதியம், தன் பிழைப்புக்குச் சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனுக்கு ஆயுள் முழுவதும் உண்டு. அவர் பெயரையும் சான்றிதழையும் இப்போதே ஓய்வூதியப் பதிவில் ஏற்றுங்கள். பேக்கரிச் சம்பளத்தை மறைக்க வேண்டாம், சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். இந்தப் பணத்துக்காக அந்த வேலையை நிறுத்தியும் விடாதீர்கள்.

கடிதத்தில் உங்கள் விருப்பம் இருக்கிறது, மூத்தவரின் விருப்பம் இருக்கிறது. இளையவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. யாரோடு, எங்கே வாழ்வது என்பதில் அவர் சொல்லுக்கு இடம் உண்டு. பத்திரம் எழுதும் முன், மாதம் இரண்டு சனிக்கிழமை அந்தப் பையன்கள் வந்து அவரோடு தங்கட்டும், நீங்கள் மாடியில் இருங்கள். நாலைந்து மாதம் பார்த்துவிட்டு அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். பிறகு கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், மகனின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றோடு உங்கள் ஊர் வழக்கறிஞரைப் பாருங்கள். இளையவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.