பதினேழு வயதுக்கு எந்த வார்டு?

(புற்றுநோய் வார்டுகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.)

கேள்வி: சிஸ்டர், என் மகனுக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறான். ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை என்று சொல்லிவிட்டார்கள். ஆறடி உயரம் வளர்ந்த பையன். பொம்மை ஒட்டிய குழந்தைகள் வார்டுக்குள் போகக் கூசுகிறான். பெரியவர்கள் வார்டிலேயே சேர்த்துவிடலாமா?
— ஒரு தாய், தேனி

பதில்: வார்டைப் பிறகு பார்க்கலாம் அம்மா. முதலில் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இவனுக்குக் கொடுக்கப்போவது குழந்தைகளுக்கான சிகிச்சை முறையா, பெரியவர்களுக்கானதா?"

காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1988 முதல் 2001 வரை இதே நோய்க்குச் சிகிச்சை பெற்ற 16 முதல் 20 வயதுக்காரர்களின் விவரங்களை ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். அவர்களில் சிலர் குழந்தைகள் மருத்துவர்களிடமும் சிலர் பெரியவர்களுக்கான மருத்துவர்களிடமும் போயிருந்தார்கள். ஏழாம் ஆண்டில் நோய் திரும்பாமல் நலமாக இருந்தவர்கள், குழந்தைகள் முறையில் நூற்றுக்கு 63 பேர். பெரியவர்கள் முறையில் 34 பேர். இரண்டு பக்கமும் ஒரே வயது, ஒரே நோய். இந்த எண்களை முதன்முதலில் கேட்ட நாளில், எங்கள் பெரியவர்கள் வார்டில் படுத்திருந்த பிள்ளைகளின் முகங்கள்தான் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன.

குழந்தைகள் முறையில் வின்கிறிஸ்டின், அஸ்பாராஜினேஸ், ஸ்டீராய்டு ஆகிய மருந்துகள் கூடுதலாகச் சேரும். நோய் மூளைக்குப் பரவாமல் தடுக்க முதுகுத்தண்டில் போடும் ஊசியும் சீக்கிரமே தொடங்கும். இதையெல்லாம் பார்த்தபின், இளைஞர்களுக்கும் குழந்தைகள் முறையைத் தழுவியே சிகிச்சை தரும் பெரியவர்களுக்கான மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். அதனால் நீங்கள் கேட்பதை எந்த நல்ல டாக்டரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக் கட்டம் முடிந்ததும் வீட்டிலேயே மாதக்கணக்கில், சில சமயம் இரண்டு வருடத்துக்கு மேலும், மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் தவறுவது அங்கேதான். தலைமுடி வளர்ந்துவிடும், நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போய்விடுவான், தனக்கு நோயே இல்லை என்று தோன்றும். ஒரு பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் ஐந்து வாரத்து மாத்திரைகளை அவன் அம்மா கண்டெடுத்துக்கொண்டு அழுதபடி என்னிடம் வந்தார். மாத்திரை விட்டுப்போனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும் என்பதை அவனிடம் யாருமே நேரில் சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் அப்பா அம்மாவிடம்தான் சொல்லியிருந்தோம். உங்கள் மகனை டாக்டரின் அறைக்கு வெளியே நிற்க வைக்காதீர்கள். உள்ளே உட்காரட்டும், அவனே கேட்கட்டும்.

வெட்கத்தையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. பதின்பருவத்தினருக்கென்றே தனி வார்டு 1990இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. நான் வேலை பார்த்த இடங்களில் அப்படி ஒன்று அமையவே இல்லை. மூலைக் கட்டிலும் ஒரு திரையும் கேட்டுப் பாருங்கள். வார்டு சிஸ்டரால் செய்து தர முடியும்.

கேள்வி: எனக்கு 22 வயது. விதைப்பையில் புற்றுநோய். ஒரு பக்கத்தை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை கீமோ தொடங்குகிறது. பிற்காலத்தில் எனக்குக் குழந்தை பிறக்குமா? வீட்டில் இதைப் பேசவே முடியவில்லை. "முதலில் உயிர் பிழை" என்கிறார் அம்மா.
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்கு அன்றைக்கே பேசிவிட்டேன். உங்களைப் போன்ற மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இது பரவிய நிலையிலும் பெரும்பாலோர் குணமாகிவிடும் நோய். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து செய்த நன்மை அது. உங்களுக்கு முன்னால் நீண்ட ஆயுள் இருக்கிறது. அதனால்தான் குழந்தையைப் பற்றி இப்போதே பேச வேண்டும். கீமோவுக்குப் பிறகு பலருக்கு விந்தணு மீண்டும் உற்பத்தியாகும், சிலருக்கு ஆகாது. எனவே முதல் ஊசிக்கு முன்பே விந்தை உறைநிலையில் சேமித்து வைத்துவிட வேண்டும். ஓரிரு நாளில் முடிகிற வேலை. பெண்களுக்குக் கருமுட்டையைச் சேமிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். நோயின் வேகம் அதற்கு இடம் கொடுக்குமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் 19 வயதில் சிகிச்சை முடித்துப் போன ஒருவர், பத்து ஆண்டுகள் கழித்து மனைவியோடு வந்தார். "சிஸ்டர், அன்றைக்கு ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை?" என்றார். கல்யாணம் ஆகாத பையனிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று டாக்டர் தயங்கினார், நானும் தயங்கினேன். அவருக்குச் சொல்ல என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. அதன் பிறகு 15 வயதைத் தாண்டிய ஒருவரையும் இதைச் சொல்லாமல் நான் கீமோ நாற்காலியில் உட்கார வைத்ததில்லை.

உங்கள் அம்மாவிடம் பேச வார்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அம்மாக்கள் எங்களிடம் கேட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: என் மாணவன் ஒருவன், கபடி வீரன், ஒரு மாதமாக முழங்கால் வலி என்கிறான். எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டு வருகிறார்கள்.
— உடற்கல்வி ஆசிரியர், நாங்குநேரி

பதில்: கட்டை அவிழ்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள் சார், இந்த வாரமே. பெரும்பாலும் சாதாரண அடியாகத்தான் இருக்கும். ஆனால் இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, ஓய்வெடுத்தும் குறையாத வலி, முழங்காலுக்குப் பக்கத்தில் வீக்கம் ஆகியவை இந்த வயதில் எலும்புப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அழுத்தித் தேய்ப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: 16 வயது மகளை ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேர்க்கலாம் என்கிறார் டாக்டர். என் பெண்ணை வைத்துச் சோதனை செய்யப் பார்க்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தந்தை, விழுப்புரம்

பதில்: அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் இந்த வயதுக்காரர்களின் சிகிச்சை பின்தங்கியதற்கு, ஆராய்ச்சிகளில் இவர்கள் மிகக் குறைவாகவே சேர்ந்ததும் ஒரு காரணம். பெரியவர்களுக்கான ஆய்வுகளில் பெரும்பாலும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை எடுக்க மாட்டார்கள். இவர்களுக்கு வரும் நோய்கள் சிலவற்றுக்குக் குழந்தைகள் பக்கமும் ஆய்வு இருக்காது. பொருத்தமான இடங்களில் 12 வயதிலிருந்தே பெரியவர்களின் ஆய்வுகளில் சேர்க்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல்தான் வழிகாட்டியது.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தார். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டத்தான் அந்த ஓட்டம். மறு ஆண்டு, 22 வயதில் இறந்தார். இன்று அதே நோய் வந்த பலருக்குக் காலை எடுக்காமலே சிகிச்சை செய்ய முடிகிறது.

நம் நாட்டில் மருந்து ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான சிகிச்சையோடு இந்த மருந்து சேர்கிறதா, அதற்குப் பதிலாக வருகிறதா என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. நீங்கள் ஒப்புதல் தந்தால் மட்டும் போதாது, 12 வயதைத் தாண்டிய பிள்ளையின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். தமிழில் உள்ள தாளைக் கேட்டு வாங்கி மகளிடமே கொடுங்கள். ஓர் இரவு வைத்துப் படிக்கட்டும். புரியாத வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, மறுநாள் டாக்டரிடம் அவளே கேட்கட்டும்.